ஆறு கிலோமீட்டர்: பன்னாட்டு அலைபேசித் தரநிலையில் ஊரக இந்தியா இடம்பெற்ற வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தரநிலைகள் பொதுவான தொழில்நுட்ப விதிகளாகவே காணப்படுகின்றன. எனினும் அவற்றை வகுக்கும் அவையில் அமர்ந்திருப்போரின் நில அமைப்பும் தேவையும் அவற்றினுள் பதிந்துவிடுகின்றன. இந்தியா பன்னாட்டுத் தந்தி ஒன்றியத்தில் இணைந்த 1869ஆம் ஆண்டு முதல், ஐந்தாம் தலைமுறை அலைபேசித் தரநிலை ஏற்கப்பட்ட காலம் வரையிலான வரலாற்றில், சென்னையில் நிகழ்ந்த இரு முயற்சிகளை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தரநிலை, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், கார்டெக்ட், ஊரக அலைபேசி, 5ஜிஐ.

முன்னுரை

1865 மே 17 அன்று பாரிசில் இருபது ஐரோப்பிய அரசுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையினால் பன்னாட்டுத் தந்தி ஒன்றியம் தோன்றியது. அதுவரை ஒரு நாட்டின் எல்லையில் செய்தியை எழுத்தில் இறக்கி, மறுநாட்டுப் பணியாளரிடம் கொடுத்து மீண்டும் அனுப்பும் நிலை பல இடங்களில் இருந்தது. ஒரே குறியீடும் ஒத்த கட்டண முறையும் அமைந்த பின்னரே தந்தி உண்மையில் எல்லை கடந்தது. இவ்வொன்றியமே 1932ஆம் ஆண்டு மாட்ரிட் மாநாட்டின் முடிவுப்படி 'பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்' எனப் பெயர் மாறி, பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு முகமையாயிற்று.

இந்தியா 1869 முதல் இதன் உறுப்பு நாடு. ஆயினும் அன்று இந்தியாவின் பெயரால் பேசியது காலனிய நிருவாகமே. 1870ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திவடத்தை இட்டதும் இலண்டனில் முதல் திரட்டிய ஒரு நிறுவனமே. தமிழர்கள் பெருமளவில் சென்று வாழ்ந்த மலாயாவையும் சென்னையையும் அவ்வடம் இணைத்தது. ஆனால் அதில் செல்லும் செய்தியின் எழுத்தும் சொற்கணக்கும் கட்டணமும் இங்குள்ளோரைக் கேட்டு வகுக்கப்பட்டவை அல்ல. விதியைப் பின்பற்றும் இடமாகவே சென்னை இருந்தது.

கார்டெக்ட்: அயல்தரநிலையைத் தகவமைத்தல்

1990களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி உள்ளிட்டோரைக் கொண்ட 'டெநெட்' குழு, சிற்றூர்களுக்குக் குறைந்த செலவில் தொலைபேசி வழங்கும் வழியைத் தேடியது. செம்புக்கம்பி இடும் செலவே அன்று பெருந்தடையாக இருந்தது. புதிதாக ஒரு தரநிலையை உருவாக்கி உலகை ஏற்கச்செய்யும் வலிமை இந்தியாவுக்கு அப்போது இல்லை. எனவே ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் வகுத்த 'டெக்ட்' என்னும் தரநிலையைக் குழு தெரிவுசெய்தது.

வீட்டிலும் அலுவலகத்திலும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள் பயன்படும் கம்பியில்லாத் தொலைபேசிக்காகவே டெக்ட் வகுக்கப்பட்டது. சென்னையின் மைதாஸ் நிறுவனத்துடனும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்துடனும் இணைந்து டெநெட் உருவாக்கிய 'கார்டெக்ட்' அமைப்பு, கூரைமேல் நிறுத்திய அலைவாங்கியின் துணையால், பார்வைத் தடையற்ற இடங்களில் அத்தொலைவை 10 கிலோமீட்டர் வரையிலும், இடைநிலை அஞ்சல் நிலையம் வழியாக 25 கிலோமீட்டர் வரையிலும் நீட்டியது. 2001ஆம் ஆண்டில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் தொடங்கிய ஊரக இணையத் திட்டம் இவ்வமைப்பின்மீதே இயங்கியது.

இங்குத் தரநிலை மாறவில்லை என்பது கருதத்தக்கது. ஐரோப்பிய வீட்டுக்கு அளந்து தைத்த சட்டையை மேலூருக்கு ஏற்ப நீட்டித் தைத்தனர். அளவெடுக்கும் கோல் அவர்கள் கையில் இல்லை.

1,732 மீட்டரும் 6,000 மீட்டரும்

அந்த அளவுகோலின் மீதே அடுத்த முயற்சி கவனம் செலுத்தியது. ஐந்தாம் தலைமுறைத் தொழில்நுட்பங்களை மதிப்பிடும் சோதனைச் சூழல்களைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017இல் வகுத்தது. 'ஊரகம்' என்னும் சூழலில் இரு கோபுரங்களுக்கு இடையிலான தொலைவு 1,732 மீட்டர் எனக் கொள்ளப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆரமுடைய அறுகோணப் பரப்பை ஒரு கோபுரம் காக்கும் என்பது இதன் பொருள்.

இந்திய ஊரகத்தின் அமைப்பு வேறு. ஒளியிழை வடம் ஊராட்சித் தலைமையிடம் வரை வருகிறது. அதனைச் சூழ்ந்த குக்கிராமங்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் சிதறியுள்ளன. சென்னையின் மேற்கு விளிம்பில், ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற ஊர்களில் நகரின் கோபுர அடர்த்தி கைக்கெட்டும் தொலைவில் இருக்கலாம். உள்மாவட்டச் சிற்றூர்களில் அவ்வாறு இல்லை. அங்கு ஒவ்வோர் இரண்டு கிலோமீட்டருக்கும் கோபுரம் நிறுத்துதல் வருவாய்க்குப் பொருந்தாது.

எனவே, இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிலை உருவாக்கச் சங்கம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அக்கழக ஆய்வுப்பூங்காவில் உள்ள கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையம் ஆகியவற்றின் முயற்சியால், 'குறை இயக்கப் பெருங்கலம்' என்னும் சூழலை இந்தியா முன்மொழிந்தது. கோபுர இடைவெளி 6,000 மீட்டர் கொண்ட இச்சூழலை ஒன்றியம் ஏற்றது. பரப்பளவு இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலின், ஒரு கோபுரம் காக்கவேண்டிய பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர கிலோமீட்டரிலிருந்து 31 சதுர கிலோமீட்டராக, அதாவது பன்னிரண்டு மடங்காக உயர்கிறது. உலகின் எம்மூலையில் உருவான ஐந்தாம் தலைமுறைத் தொழில்நுட்பமும் இத்தேர்வைக் கடந்தாகவேண்டிய நிலை உருவாயிற்று.

ஆயினும் இவ்வெற்றி முழுமையானதன்று. சராசரி அலைக்கற்றைத் திறன் பற்றிய தேவை பெருங்கலத்துக்கும் பொருந்தும் என ஒன்றிய அறிக்கை கூறுகிறது. ஆனால் மிகக் குறைந்த திறன் பெறும் ஐந்து விழுக்காட்டுப் பயனர்க்கான தேவை பெருங்கலத்துக்குப் பொருந்தாது என்றும் அதே அறிக்கை விலக்களிக்கிறது. அவர்கள் பெரும்பாலும் பரப்பின் விளிம்பில் வாழ்வோர். யாருக்காக இச்சூழல் கோரப்பட்டதோ, அவர்களுள் கடைக்கோடியினர் உறுதிப்பாட்டுக்கு வெளியே நின்றனர்.

5ஜிஐ: பெயரும் பயனும்

கோபுரத்தின் குரல் கைப்பேசியை எட்டினும், கைப்பேசியின் மெலிந்த குரல் கோபுரத்தை எட்டாமை தொலைதூரப் பயனரின் முதன்மைச் சிக்கல். அலையின் உச்ச ஆற்றலுக்கும் சராசரி ஆற்றலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குறைத்து, கைப்பேசி தன் முழு ஆற்றலுடன் ஒலிபரப்ப வழிசெய்யும் பண்பேற்ற முறையை மையமாகக் கொண்டு '5ஜிஐ' உருவாக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் வெளியான ஒன்றியத்தின் ஐந்தாம் தலைமுறைப் பரிந்துரையில், 'த்ரீஜிபிபி' என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் தொழில்நுட்பங்களுடன் 5ஜிஐயும் இடம்பெற்றது.

தனித் தரநிலை என்பது தனிக் கருவிகளையும் குறிக்கும். கருவிகள் உலகச் சந்தைக்காகப் பெருந்தொகையில் உற்பத்தியானால்தான் விலை குறையும் என்பதால், இந்திய அலைபேசி நிறுவனங்கள் 5ஜிஐயை ஏற்கத் தயங்கின. 2021ஆம் ஆண்டின் இறுதியில் உடன்பாடு எட்டப்பட்டு, அதன் கூறுகள் த்ரீஜிபிபியின் பதினேழாம் வெளியீட்டுடன் இணைக்கப்பட்டன. 5ஜிஐ என்னும் தனிப்பெயர் வழக்கொழிந்தது.

இதனைத் தோல்வி எனக் கருதுவோரும் உளர். தரநிலையின் நோக்கம் இணைந்து இயங்குதல் என்பதை நினைவிற்கொண்டால் வேறொரு மதிப்பீட்டுக்கு இடமுண்டு. தனித்து நின்றிருந்தால், விலை உயர்ந்த கருவிகளின் சுமை எந்த ஊரகப் பயனருக்காக அது உருவாக்கப்பட்டதோ அவர்மீதே விழுந்திருக்கும்.

முடிவுரை

1869இல் பிறர் வகுத்த விதிக்குள் நுழைந்தமை, 1990களில் அயல்தரநிலையைத் தகவமைத்தமை, 2017இல் அளவுகோலையே திருத்தியமை என மூன்று நிலைகளை இவ்வரலாற்றில் காணலாம். மூன்றாம் நிலையே நெடும்பயன் உடையது. தொழில்நுட்பம் மாறினும், ஊரகம் என்றால் என்ன என்னும் வரையறை அடுத்த தலைமுறைக்கும் தொடக்கப் புள்ளியாக அமையும். 2024 அக்டோபரில் ஒன்றியத்தின் தரநிலை மாநாடு முதன்முறையாக இந்தியாவில், புதுதில்லியில் கூடியது. ஆறாம் தலைமுறைக்கான தேவைகள் வகுக்கப்படும் இக்காலத்தில், விலக்களிக்கப்பட்ட அந்த ஐந்து விழுக்காட்டினரை உள்ளே கொணர்வதே இந்தியத் தரப்பு முன்வைக்கவேண்டிய அடுத்த கோரிக்கை எனலாம்.