அலரும் அந்தரங்கமும்

செஞ்சிப் பக்கம் அனந்தபுரம் மாதிரியான சின்ன ஊர்களில் யார் யாரோடு பேசினார்கள் என்பது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சங்க காலத்திலேயே இதற்கு இரண்டு தனிச் சொற்கள் இருந்தன. ஒரு காதலைப் பற்றி ஊரார் தங்களுக்குள் முணுமுணுத்தால் அது அம்பல். வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தால் அலர். ஒன்று மொட்டு, மற்றது மலர் என்று விளக்குவார்கள்.

அகப்பாடல்களில் இந்த ஊர்ப்பேச்சுக்குப் பெரிய இடம் உண்டு. அலர் எழுந்ததும் தாய் மகளை வீட்டுக்குள் அடைத்து வைப்பாள். இதற்கு இற்செறிப்பு என்று பெயர். சில காதலர்கள் ஊரை விட்டே போய்விடுவார்கள். அது உடன்போக்கு. திருக்குறளிலும் 115ஆவது அதிகாரம் அலரைப் பற்றியதுதான்.

சரி, ஊரார் எட்டிப் பார்ப்பது தவறு என்றால் புலவர் செய்வது மட்டும் என்ன? அவரும் எட்டித்தானே பார்க்கிறார்! இதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு விதி இருக்கிறது. ஐந்திணைக் காதலைப் பாடும்போது தலைவன், தலைவி இன்னார் என்று பெயர் சொல்லக் கூடாது.

இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு நக்கீரர் பாடிய நெடுநல்வாடை நல்ல உதாரணம். 188 அடிகள் கொண்ட இந்தப் பாட்டு, கணவனைப் பிரிந்து தவிக்கும் அரசியின் படுக்கையறைக்குள்ளேயே நம்மை அழைத்துப் போகிறது. அரசன் பெயர் எங்குமே இல்லை. ஆனால் பாசறையில் வரும் ஒரு வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். ஆள் யாரென்று தெரிந்துவிட்டதால் இது அகம் அல்ல, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லிவிட்டார்!

அதே நக்கீரரின் பெயரைக் கொண்ட பத்திரிகை ஒன்று பல நூற்றாண்டுகள் கழித்து இதே கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடலாமா என்பது வழக்கு. 1994இல் வந்த தீர்ப்பு, தனிமனிதனின் அந்தரங்கம் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கியது என்றது. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம், அதிகாரிகள் தங்கள் பணியில் செய்ததையும் எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை, அது ஆவணத்தில் இருந்தாலும், வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. 2017இல் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தது.

அடுத்தவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளும் ஆசை யாருக்கும் போகப்போவதில்லை. அந்த ஆசை இல்லையென்றால் கதையும் இல்லை, கவிதையும் இல்லை. ஆனால் அகப்பாடலைப் படிப்பவருக்கு அந்தப் பெண்ணின் மனசு தெரிகிறது, பெயர் தெரிவதில்லை. அலர் பேசுகிறவர்களுக்குப் பெயர் தெரியும், மனசு தெரியாது. யாரோ இருவர் பைக்கில் போகும் படம் செல்போனுக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாமே.