பாணனாக மூன்று பிறவி

1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது, அதில் ஒருவர் என்னவாக ஆடலாம் என்பதற்கு மூன்றே பதில்கள்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய மூன்று சிறு நூல்கள், கொஞ்சம் பகடை, ஒரு மேசை, நாலைந்து நண்பர்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டராக உட்கார்ந்து உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். கதாபாத்திரத்தின் தொழிலுக்கு 'கிளாஸ்' என்று பெயர். அனுபவம் சேரச்சேர லெவல் ஏறும்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றை அரக்கர்களை வைத்து எழுதலாம், கம்பெனிகள் கைமாறிய கதையை வைத்தும் எழுதலாம். எனக்குப் பிடித்தது வேறொரு கேள்வி. சாதாரண வீரன் ஒருவன் அபூர்வமான ஒன்றாக மாற வேண்டுமென்றால், அதை எது முடிவு செய்கிறது? அதிர்ஷ்டமா, அவன் கடந்து வந்த பாதையா, முதல் நாளே போட்டுவைத்த திட்டமா? ஒவ்வொரு பதிப்பும் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

முதல் பதில், அதிர்ஷ்டம். 1975இல் வந்த கிரேஹாக் என்ற துணைநூல் பாலடினை அறிமுகம் செய்தது. அறம் தவறாத புனித வீரன். அவனுக்கு ஆளுமைக்கவர்ச்சி 17க்குக் குறையக் கூடாது. மூன்று பகடைகளை உருட்டினால் வரக்கூடிய 216 சேர்க்கைகளில் நான்கில்தான் 17 அல்லது 18 விழும். அதாவது 54க்கு ஒன்று. பாலடினாக ஆசைப்படுவதில் பெரிய அர்த்தம் இல்லை. பகடை ஆசைப்பட வேண்டும்.

இரண்டாவது பதில், பாதை. 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பின்னிணைப்பில் ஒரு விசித்திரமான கிளாஸ் ஒளிந்திருந்தது: பார்ட், நம் பாஷையில் பாணன். நேரடியாகப் பாணனாகப் பிறக்க முடியாது. முதலில் போர்வீரன். ஐந்தாம் லெவலைத் தொட்ட பிறகு, எட்டாம் லெவலுக்கு முன்பாக, வாளை வைத்துவிட்டுத் திருடனாக வேண்டும். திருட்டிலும் ஐந்து லெவலாவது தேறிய பிறகு, அதையும் விட்டு, ட்ரூயிட்டுகள் என்ற கானகப் பூசாரிகளிடம் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் பாணனின் முதல் லெவல் தொடங்குகிறது. வாரம் ஒருமுறை கூடி ஆடுகிறவர்களுக்கு இது பல மாத வேலை. ஆனால் அப்படி வந்துசேர்ந்த பாணனிடம் பாடுவதற்குக் கதை இருக்கும். போர் தெரியும், சந்துபொந்து தெரியும், காடும் தெரியும்.

அதே நூலில் இன்னொரு வகைத் தடையும் உண்டு: நாற்காலி. ட்ரூயிட்டுகளின் உச்சியில் 'மகா ட்ரூயிட்' ஒருவர்தான் இருக்க முடியும். அவருக்குக் கீழே மூன்று பேர், அதற்கும் கீழே ஒன்பது பேர். அனுபவப் புள்ளிகள் நிறைந்தால் மட்டும் போதாது, இருப்பவரோடு மோதி ஜெயித்தால்தான் இடம். உலகத்தில் ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுந்தால்தான் நாம் உட்கார முடியும் என்பதை விதியாகவே எழுதிவைத்திருந்தார்கள். 1987இல் வந்த டிராகன்லான்ஸ் அட்வென்ச்சர்ஸ் இந்தத் திசையில் இன்னும் கொஞ்ச தூரம் போனது. அந்த உலகில் உயர்நிலை மந்திரவாதியாக வேண்டுமென்றால் உயிரைப் பணயம் வைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என எந்த அங்கி என்பதும் அங்கேதான் தெரியவரும்.

இந்த இழைகளையெல்லாம் சேர்த்துப் பெயர் வைத்தது மூன்றாம் பதிப்பு. 1997இல் ஆட்டத்தின் உரிமை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்திடம் போனது. 2000இல் மான்டி குக், ஜொனாதன் ட்வீட், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் விதிகளைப் புதிதாகக் கட்டினார்கள். டன்ஜன் மாஸ்டருக்கான நூலில் 'பிரெஸ்டீஜ் கிளாஸ்' என்ற தலைப்பில் ஆறு கிளாஸ்கள் வந்தன. எய்யும் அம்புக்கு மந்திரம் ஏற்றும் வில்லாளி, காலை ஊன்றினால் அசையாத குள்ளர் வீரன், நிழலுக்குள் நடமாடும் ஷேடோடான்சர், ரகசியங்களைத் தேடும் அறிஞன், கொலைஞன், பாலடினுக்கு நேர்மாறான பிளாக்கார்ட். முதல் லெவலில் எதையும் எடுக்க முடியாது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிற்பாடு சேரலாம்.

இவை எந்த நூலில் இருந்தன என்பது முக்கியம். ஆட்டக்காரரின் நூலில் இல்லை, டன்ஜன் மாஸ்டரின் நூலில் இருந்தன. இவை விருப்பத்தேர்வு, அனுமதிப்பது டன்ஜன் மாஸ்டரின் கையில் என்று அந்த நூலே சொன்னது. உன் உலகத்தில் என்னென்ன ரகசியச் சபைகள், என்னென்ன சபதங்கள் உண்டோ அதற்கேற்ப நீயே புதிதாக உருவாக்கு என்பதுதான் அழைப்பு.

ஆனால் அடுத்த ஆண்டே ஆட்டக்காரர்களுக்கான துணைநூல்கள் புதிய பிரெஸ்டீஜ் கிளாஸ்களோடு வரிசையாக வர ஆரம்பித்தன. 2003இல் விதிகளைத் திருத்தி வெளியிட்டபோது டன்ஜன் மாஸ்டரின் நூலிலேயே ஆறு பதினாறாகிவிட்டது. கதைக்குள் எதிர்ப்பட வேண்டிய ஒன்று, கடையில் வாங்கும் பட்டியலாக மாறியது. அதற்கான வழியை நிபந்தனைகளே அமைத்துக்கொடுத்தன, ஏனென்றால் பெரும்பாலானவை எண்கள்.

ஷேடோடான்சரையே எடுத்துக்கொள்வோம். ஒளிந்துகொள்ளும் திறன் பத்து இருக்க வேண்டும். ஒரு திறனின் உச்சவரம்பு லெவலோடு மூன்றைக் கூட்டினால் வருவது, ஆகவே ஏழாம் லெவல் கட்டாயம். கூடவே குறிப்பிட்ட மூன்று ஃபீட்கள், அதாவது தனிப்பயிற்சிகள். மனித இனமல்லாத ஒரு திருடிக்கு ஃபீட் கிடைப்பது 1, 3, 6 ஆகிய லெவல்களில். மூன்று தேவை, கையில் இருப்பதும் மூன்று. மூன்றாம் லெவலில் கதை அவளை ஒரு கப்பலில் ஏற்றிவிட்டு, கடலுக்குத் தோதான வேறொரு ஃபீட்டை அவள் எடுத்தாள் என்றால் போச்சு. அடுத்தது ஒன்பதாம் லெவலில்தான்.

அப்போ புத்திசாலி ஆட்டக்காரர் என்ன செய்வார்? இலக்கை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி முதல் லெவல் வரை வருவார். மென்பொருள் எழுதும் நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் இது: எது எதைச் சார்ந்திருக்கிறது என்று வரைந்துகொண்டு, எதையும் வீணாக்காமல் அடுக்குவது. இப்படிப் போட்ட திட்டத்தை ஆட்டக்காரர்களும் 'பில்ட்' என்றே அழைத்தார்கள். பில்ட் என்றால் ஏற்கனவே கட்டி முடித்தது. வழியில் யாரைச் சந்தித்தாலும் அவள் மாறப்போவதில்லை.

இதை வெறும் சீரழிவு என்று சொல்லிவிட முடியாது. எண்களில் ஒரு நியாயம் இருக்கிறது. "உனக்கு இன்னும் பக்குவம் வரலப்பா" என்று டன்ஜன் மாஸ்டர் மனம்போனபடி தள்ளிப்போட முடியாது. நிபந்தனை அச்சில் இருக்கிறது, நிறைவேற்றிவிட்டேன், உள்ளே விடு என்று கேட்கலாம். மகா ட்ரூயிட்டின் நாற்காலி யார் தயவில் இருந்தது என்று யோசித்தால் இதன் மதிப்பு புரியும். திட்டமிடுவதும் ஓர் இன்பம்தான், தனியறையில் ஆடப்படும் இன்பம். ஆனால் மேசைக்கு வரும்போது முக்கியமான முடிவுகளில் பாதி முடிந்திருக்கும்.

அடுத்து வந்த பதிப்புகள் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தன. 2008இல் நான்காம் பதிப்பு, பதினோராம் லெவலில் எல்லாருக்கும் ஒரு சிறப்புப் பாதை என்றது. 2014இல் ஐந்தாம் பதிப்பு அதை இன்னும் முன்னால் கொண்டுவந்து 'சப்கிளாஸ்' ஆக்கியது. 2024 திருத்தத்தில் அனைவருக்கும் மூன்றாம் லெவல். யாரும் முன்கூட்டிக் கணக்குப் போட வேண்டியதில்லை, யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை. நல்ல விஷயம்தான். கூடவே, தேடிப்போய் அடைய வேண்டியது என்று எதுவும் விதிநூலில் பெரிதாக மிச்சமில்லை.

கொலைஞனின் வாழ்க்கை வரலாற்றைப் பார்த்தால் மொத்தமும் விளங்கிவிடும். 1975இல் பிளாக்மோர் துணைநூலில் பிறந்தான். 1978இல் அவனது சங்கத்தின் உச்சிக்கு ஏற, இருக்கும் தலைவனை ஒழிக்க வேண்டியிருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு அவனைக் கிளாஸ் பட்டியலிலிருந்தே நீக்கியது. 2000இல் பிரெஸ்டீஜ் கிளாஸாகத் திரும்பி வந்தான். திறன் எண்களுக்குக் கீழே ஒரு நிபந்தனை: கொலைஞர்களோடு சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லாமல் ஒருவரைக் கொன்றிருக்க வேண்டும். திட்டத்தாளில் அதையும் ஒரு வரியாக எழுதிவைக்கலாம். ஆனால் ஆட்டத்தில் அந்த வரி வரும்போது, தீங்கு செய்யாத ஓர் ஆளின் பெயரை டன்ஜன் மாஸ்டர் சொல்வார். கூட உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டிருக்க, "குத்துகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

2014இல் அவன் திருடனின் சப்கிளாஸ்களில் ஒருவன். மூன்றாம் லெவலில் கிடைக்கிறான். யாரையும் கொன்றிருக்க வேண்டியதில்லை.