விமானத் தாமத இழப்பீடு: உடையார்பாளையம் பயணியின் நோக்கில் ஒரு வரலாறு

குறித்த நேரத்தில் சேர வேண்டிய விமானம் காலம் கடந்து சேர்வதால் பயணிக்கு ஏற்படும் நட்டத்தை விமான நிறுவனம் ஈடுசெய்வதே விமானத் தாமத இழப்பீடு எனப்படுகிறது. இந்த உரிமை ஒரே சட்டத்தில் பிறந்ததன்று. 1929ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கை, 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2010ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து விதிகள் என மூன்று வழிகளில் இது வளர்ந்தது. அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் போன்ற ஊர்களில் விமான நிலையமும் இல்லை, விமான நிறுவனக் கிளையும் இல்லை. அங்குள்ள பயணிக்கு இழப்பீடு எவ்வளவு என்பதைவிட, அதை எந்த ஊரில் கேட்பது என்பதே நெடுங்காலம் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் விடை தந்தது.

ஊரும் விமான நிலையமும்

உடையார்பாளையம் முன்பு பாளையக்காரர்களின் இருப்பிடம், பின்னர் ஜமீன். ஆங்கிலேயர் ஆட்சியில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டமாக இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. 2001இல் அரியலூர் மாவட்டம் உருவாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் மாறும்போதெல்லாம் இவ்வட்டத்து மக்கள் மனுக்கொடுக்கச் செல்லும் ஊரும் மாறியது.

வெளிநாடு செல்வோருக்கு மட்டும் திருச்சியே வாசலாக நீடிக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா ஆகிய நகரங்களுக்குத் திருச்சியிலிருந்து விமானங்கள் செல்கின்றன. 2012இல் அது பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரி 2 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. வேலைக்காக வளைகுடா செல்பவருக்குத் தாமதம் என்பது காத்திருக்கும் சலிப்போடு முடிவதில்லை. இணைப்பு விமானம் தவறலாம், வேலையில் சேரும் நாள் கடந்து போகலாம், விசாவின் காலக்கெடு முடியலாம். துக்க வீட்டுக்கு வருபவர் அடக்கத்துக்குள் வந்து சேர முடியாமலும் போகலாம்.

வார்சா உடன்படிக்கை (1929)

1929 அக்டோபர் 12 அன்று போலந்தின் வார்சா நகரில் கையெழுத்தான உடன்படிக்கையே இத்துறையின் முதல் பொது விதி. அதன் 19ஆவது பிரிவு, பயணி, உடைமை, சரக்கு ஆகியவற்றின் தாமதத்தால் வரும் நட்டத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்றது. தவிர்க்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாகவோ, எடுக்க இயலாத நிலை இருந்ததாகவோ மெய்ப்பித்தால் நிறுவனம் தப்பலாம் என்றது 20ஆவது பிரிவு. மெய்ப்பிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் வைக்கப்பட்டது பயணிக்குச் சாதகம். பொறுப்புக்குப் பயணி ஒருவருக்கு 1,25,000 தங்கப் பிராங்க் என்ற உச்சவரம்பு வைக்கப்பட்டது நிறுவனத்துக்குச் சாதகம். அன்று விமானத் தொழில் இளம் தொழில். ஒரே விபத்தில் நிறுவனம் மூழ்கிவிடக் கூடாது என்ற கவலை உடன்படிக்கை முழுவதும் தெரிகிறது.

வழக்குத் தொடுக்கும் இடத்தை 28ஆவது பிரிவு வரையறுத்தது. நிறுவனத்தின் இருப்பிடம், அதன் தலைமை வணிக இடம், பயணச்சீட்டு ஒப்பந்தம் செய்யப்பட்ட கிளை அமைந்த இடம், பயணம் சேரும் இடம் என நான்கு. பயணி வாழும் ஊர் இதில் இல்லை. வழக்குக்கான கால எல்லை 2 ஆண்டுகள்.

இந்தியாவில் இதை 1934ஆம் ஆண்டு இந்திய வான்வழிப் போக்குவரத்துச் சட்டம் நடைமுறைப்படுத்தியது. 1955இல் ஹேக் நகரில் செய்யப்பட்ட திருத்தம் உச்சவரம்பை இரட்டிப்பாக்கியது. அதையும் உள்ளடக்கி 1972இல் புதிய வான்வழிப் போக்குவரத்துச் சட்டம் வந்தது.

உள்நாட்டுப் பயணியின் நிலை

மேற்கண்ட விதிகள் பன்னாட்டுப் பயணத்துக்கானவை. 1973 மார்ச் 30 அன்று வெளியான அறிவிக்கை அவற்றை உள்நாட்டுப் பயணத்துக்கும் நீட்டித்தது. ஆனால் தாமதத்தில் விதியைத் தலைகீழாக்கியது. மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, தாமதத்தால் வரும் நட்டத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்றது அது. கொழும்பு விமானம் தாமதமானால் கேட்கக்கூடிய ஒன்றை, சென்னை விமானம் தாமதமானால் கேட்க முடியாத நிலை இதனால் ஏற்பட்டது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (1986)

1986 டிசம்பரில் நிறைவேறிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. பணம் செலுத்திப் பெறும் சேவையில் குறைபாடு இருந்தால், மாவட்ட மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தொகை கேட்கலாம். பிற சட்டங்களுக்கு மாற்றாக அல்லாமல், அவற்றோடு கூடுதலாகக் கிடைக்கும் நிவாரணம் இது. வார்சா உடன்படிக்கைக்கு உட்பட்ட கோரிக்கைகளையும் நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2011 செப்டம்பரில் ஒரு சரக்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இருப்பினும் இடத்தின் சிக்கல் தீரவில்லை. எதிர்தரப்பு தொழில் நடத்தும் இடம், அதன் கிளை உள்ள இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம் ஆகியவற்றில்தான் முறையிடலாம் என்பது அச்சட்டத்தின் விதி. உடையார்பாளையத்துக்காரர் திருச்சிக்கோ சென்னைக்கோ பல வாய்தாக்களுக்கு அலைய வேண்டியிருந்தது. பேருந்துச் செலவும் இழக்கும் கூலியும் கேட்கும் தொகையைத் தின்றுவிடும் என்பதால் பலருக்கு வழக்கே வீண் வேலை.

மாண்ட்ரியல் உடன்படிக்கை (1999)

வார்சா முறைக்கு மாற்றாக 1999 மே 28 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 2003 நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவுக்கு இது 2009 ஜூன் 30 முதல் பொருந்துகிறது. தங்கப் பிராங்குக்குப் பதிலாக, பன்னாட்டு நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை கணக்கு அலகாயிற்று. பயணியின் தாமதத்துக்கான உச்சவரம்பு முதலில் 4,150 அலகுகள். விலைவாசிக்கேற்ப உயர்ந்து, 2024 டிசம்பர் 28 முதல் 6,303 அலகுகள். இது தானாகக் கிடைக்கும் தொகையன்று. மெய்ப்பிக்கப்பட்ட நட்டத்துக்கான மேல் எல்லை மட்டுமே. பெட்டி தாமதமாக வந்தால், அது கைக்கு வந்த 21 நாள்களுக்குள் எழுத்து வடிவில் புகார் தர வேண்டும்.

2014 ஜனவரியில் வெளியான அறிவிக்கை, இம்முறையை மாற்றங்களுடன் உள்நாட்டுப் பயணத்துக்கும் கொண்டுவந்தது.

2010ஆம் ஆண்டு விதிகள்

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2010 ஆகஸ்டில், இடமறுப்பு, ரத்து, தாமதம் ஆகியவற்றின்போது பயணிக்குச் செய்ய வேண்டிய வசதிகளை விதியாக்கியது. பின்னர் இவை திருத்தப்பட்டன. நேரத்தில் வந்து பதிவு செய்த பயணிக்குத் தாமதத்தின்போது உரியவை:

- பயண நேரம் 2½ மணிக்குட்பட்ட விமானம் 2 மணி நேரமும், 2½ முதல் 5 மணி வரையான விமானம் 3 மணி நேரமும், பிற விமானங்கள் 4 மணி நேரமும் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும்.
- உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் திரும்ப.
- தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணி வரை புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ தங்கும் விடுதி.

முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால் பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 வரை ரொக்க இழப்பீடு உண்டு. தாமதத்துக்கு அத்தகைய நிலையான ரொக்கத் தொகை இவ்விதிகளில் இல்லை. அதைப் பெற வேண்டுமானால் உடன்படிக்கையையோ நுகர்வோர் சட்டத்தையோ நாட வேண்டும்.

2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இவ்வரலாற்றில் முக்கியமானது இன்டர்குளோப் ஏவியேஷன் வழக்கு. 2007 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஐதராபாத் செல்ல வேண்டிய இண்டிகோ விமானம் மூடுபனியால் தாமதமானது. பயணி ஒருவர் பல மணி நேரம் விமானத்துக்குள்ளேயே இருந்தார். ஐதராபாத்தில் இருந்த நிரந்தர மக்கள் நீதிமன்றம் அவருக்கு ரூ.10,000 இழப்பீடு வழங்கியது. 2011 ஜூலை 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூடுபனி நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாதது. பணத்தைத் திரும்பப் பெறவும் வேறு விமானத்தில் செல்லவும் வாய்ப்பு இருந்தும் அவர் அதே விமானத்தில் இருக்க விரும்பினார் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது.

பயணி தோற்ற அவ்வழக்கிலேயே பயணிகளுக்குப் பயன்படும் இரண்டு கருத்துகள் உள்ளன. முதலாவது, தாமதத்துக்குக் காரணம் வானிலையே ஆனாலும், காத்திருக்கும் பயணிக்குக் குறைந்தபட்ச வசதி செய்து தரும் கடமை நீங்குவதில்லை. அதில் தவறினால் சேவைக் குறைபாடாகலாம். இரண்டாவது, டெல்லி நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்ற பயணச்சீட்டு நிபந்தனை, ஐதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றம் விசாரிப்பதைத் தடுக்கவில்லை.

2021இல் ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்தின் வழக்கில், தாமதத்துக்கான காரணத்தை ரயில்வேயே விளக்கி மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விமானப் பயணிகளும் எடுத்துக்காட்டக்கூடிய தீர்ப்பு இது.

ஐரோப்பிய முறையுடன் ஒப்பீடு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் விதி, 2005 பிப்ரவரி முதல் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என நிலையான தொகையை வரையறுத்தது. முதலில் ரத்துக்கும் இடமறுப்புக்கும் உரியதாயிருந்த தொகையை, 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்பவருக்கும் தர வேண்டும் என 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கமான இயந்திரக் கோளாறு பொதுவாக அசாதாரணச் சூழலாகாது என்பது 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பாரிசிலிருந்தோ பிராங்க்பர்ட்டிலிருந்தோ புறப்படும் தமிழருக்கு, எந்நாட்டு விமானமாயினும் இவ்விதி பொருந்தும். அங்கே பயணி நட்டத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை; தாமத நேரத்தைக் காட்டினால் போதும்.

இந்தியாவில் இயந்திரக் கோளாறு பற்றி அத்தகைய பொது விதி இல்லை. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் 2 மணி நேரத்துக்கு மேல் வானில் சுற்றிவிட்டு 141 பேருடன் பத்திரமாகத் தரையிறங்கியது. பாதுகாப்புக்காக ஏற்படும் தாமதம் யாரும் குறைகூறத் தக்கதன்று. ஆனால் அதற்குப் பிந்தைய உணவு, தங்குமிடம், மாற்றுப் பயணம் ஆகியவை நிறுவனத்தின் கடமைகளே.

2019ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றைய நிலையும்

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 34ஆவது பிரிவில், முறையிடுபவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்க அனுமதித்தது. இதன்படி உடையார்பாளையத்தில் வசிப்பவர் அரியலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய கட்டணம் ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் நுழைவுக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். இணையவழியிலும் மனு பதியலாம். பன்னாட்டுப் பயணத்தில், மாண்ட்ரியல் உடன்படிக்கையின் இட வரையறையை நிறுவனம் எதிர்வாதமாக வைக்கக்கூடும். திருச்சியில் புறப்பட்டுத் திருச்சிக்கே திரும்பும் பயணச்சீட்டில் சேரும் இடம் திருச்சியே என்பது அப்போது பயணிக்குத் துணையாகும்.

வழக்கின் வலு பெரும்பாலும் விமான நிலையத்திலேயே முடிவாகிவிடுகிறது. பயணச்சீட்டு, போர்டிங் பாஸ், தாமதம் பற்றிய குறுஞ்செய்தி, காரணத்தை எழுதித் தரக் கேட்டதற்கான சான்று, உணவு மற்றும் விடுதி ரசீதுகள், தவறிய இணைப்பு விமானத்தின் சீட்டு, வேலையளித்தவரின் கடிதம் ஆகியவை தேவை. முதலில் நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் புகார் அனுப்பி, பதில் இல்லையெனில் அரசின் ஏர்சேவா தளத்தில் பதிந்து, பின்னர் ஆணையத்தை அணுகுவது வழக்கமான வரிசை.

1929இல் நிறுவனத்தின் ஊரையும் பயணப் பாதையையும் சார்ந்திருந்த உரிமை, தொண்ணூறு ஆண்டுகளில் பயணி வசிக்கும் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்துள்ளது. தாமதத்துக்கு நிலையான ரொக்கத் தொகை என்ற அடுத்த படி இந்தியாவில் இன்னும் எடுக்கப்படவில்லை. அதுவரை ஒவ்வொரு பயணியும் தன் நட்டத்தைத் தானே காகிதத்தில் காட்டியாக வேண்டும்.