ஃபெடரேஷன் கோப்பை, 2016–17

ஃபெடரேஷன் கோப்பையின் 2016–17 பருவம், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திவந்த தேசியக் கோப்பைப் போட்டியின் 38ஆவது பதிப்பு. கடைசிப் பதிப்பும் அதுவே. 2017 மே 7 முதல் 21 வரை ஒடிசாவின் கட்டக் நகரில் பாராபட்டி மைதானத்தில் நடந்த இந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்சி, நடப்புச் சாம்பியனாக இருந்த மோகன் பகானைக் கூடுதல் நேரத்தில் 2–0 என வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் சி.கே.வினீத். நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1977இல், இதே கோப்பையின் முதல் இறுதியாட்டத்திலும் தோற்றது மோகன் பகான்தான். வென்றது பெங்களூரின் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை அணி, அதாவது ஐ.டி.ஐ. முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் ஒரே நகரத்துக்குப் போனதைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கால்பந்தாட்டக்காரருக்குச் சோறு போட்டது யார் என்ற கேள்வியோடு இரண்டு பருவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தியக் கால்பந்தின் பிழைப்பு முறையே மாறிப்போன கதை அவற்றுக்கிடையே இருப்பது தெரியும்.

பருவத்தின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்த ஆண்டு ஐ-லீக்கின் முதல் எட்டு அணிகள் இரண்டு பிரிவுகளாக ஆடின. லீக்கை வென்று நாட்டையே வியக்க வைத்திருந்த மிசோரத்தின் ஐசால் எஃப்சி, கொல்கத்தாவின் இரு பெரும் கழகங்கள், அப்போதுதான் லீக்குக்கு வந்திருந்த சென்னை சிட்டி ஆகியவை அவற்றுள் அடக்கம். அரையிறுதியில் மோகன் பகான் ஈஸ்ட் பெங்காலை 2–0 என்றும், பெங்களூரு ஐசாலை 1–0 என்றும் வீழ்த்தின. பெங்களூருக்கு இந்தக் கோப்பை கட்டாயத் தேவையாக இருந்தது. முந்தைய ஆண்டின் லீக் சாம்பியனாக இருந்த அணி இந்த முறை நான்காம் இடத்துக்குச் சரிந்திருந்தது. 2016 நவம்பரில் தோகாவில் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டம் வரை போய் ஈராக்கின் அல்-குவா அல்-ஜவியாவிடம் 1–0 எனத் தோற்றிருந்த கழகம், மீண்டும் ஆசியப் போட்டிக்குள் நுழைய இந்த ஒரு வாசல்தான் மிச்சமிருந்தது. தொண்ணூறு நிமிடங்களில் கோல் விழவில்லை. 107ஆவது, 119ஆவது நிமிடங்களில் வினீத் அடித்தார். வாசல் திறந்தது.

1977க்குத் திரும்பினால் காட்சி வேறு. ஐ.டி.ஐ. 1948இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது, விடுதலைக்குப் பின் நாட்டில் எழுந்த முதல் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் ஒன்று. அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பே தூரவாணி நகர். தொலைபேசிக் கருவி செய்த அந்த நிறுவனம் கால்பந்தாட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தது. ஆட்டம் இருக்கும் காலத்தில் ஆடினார்கள், இல்லாத காலத்தில் ஊழியர்கள். அப்படிப்பட்ட அணி எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில் 1–0 என வீழ்த்தியது எந்த மோகன் பகானை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் ஐ.எஃப்.ஏ. கேடயம், டூராண்ட் கோப்பை, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்று சாதனை படைத்த அணி அது. செப்டம்பரில் கொல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு 2–2 எனச் சமன் செய்ததும் அதுவே. அந்த அணியிடமிருந்து அந்த ஆண்டு கைநழுவிய தேசியக் கோப்பையை எடுத்துக்கொண்டது மாதச் சம்பளம் வாங்கிய தொழிற்சாலை ஊழியர்களின் அணி. இந்தியக் கால்பந்து வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பதே என் கருத்து.

தொழிற்சாலை ஏன் முக்கியம் என்பது, அதற்கு முந்தைய பெங்களூரைப் பார்த்தால் விளங்கும். படைமுகாம் நகரமான கண்டோன்மென்ட்டில் ஆங்கிலேயச் சிப்பாய்களிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டவர்கள் அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் வட்டாரங்களின் உழைக்கும் மக்கள். தமிழ் பேசுவோர் அவர்களில் ஏராளம். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1937இல் வென்று, அதைக் கைப்பற்றிய முதல் இந்திய அணியானது பெங்களூர் முஸ்லிம்ஸ். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. பஞ்சம் இருந்தது அவர்களை ஊரிலேயே வைத்திருக்கும் வருமானத்துக்கு. அகமது கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் அங்கே ‘பஞ்ச பாண்டவர்’ எனப்பட்ட ஐவர் முன்வரிசையில் இடம்பெற்றார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்க அணியில் இருந்த அருமைநாயகமும், பின்னால் உலகநாதனும் மோகன் பகானுக்குப் போனார்கள். பெங்களூரு விளைவித்தது, கொல்கத்தா அறுவடை செய்தது. அந்தப் போக்கைச் சற்றேனும் தடுத்து நிறுத்தியவை ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் வேலை உத்தரவுகள். முதல் ஃபெடரேஷன் கோப்பை அந்த உத்தரவுகளின் விளைச்சல்.

கடைசிக் கோப்பையின் நாயகன் கதையோ அதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. கண்ணூர்க்காரரான வினீத், திருவனந்தபுரத்தில் மத்திய கணக்காயர் அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பணியில் இருந்தவர். போதிய வருகைப் பதிவு இல்லை என்று அவரைப் பணியிலிருந்து நீக்கிய செய்தி வெளியானது, கட்டக்கில் கோப்பை நடந்த அதே மே மாதத்தில். ஆட்டத்துக்காகக் கொடுக்கப்பட்ட வேலை, ஆடப் போனதற்காகப் பறிக்கப்பட்டது. அலுவலகம் விதிப்படி நடந்தது என்று வாதிடுவோர் உண்டு. விதி அப்படித்தான் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் ஆண்டில் சில வாரங்கள் போட்டிகள் நடந்த காலத்துக்காக எழுதப்பட்ட விதி அது. ஐ-லீக், இந்தியன் சூப்பர் லீக், கோப்பை, ஆசியப் போட்டி, தேசிய அணி என்று ஆண்டு முழுதும் ஆடுகிறவருக்கு அது பொருந்தாது. பின்னர் கேரள அரசு அவருக்கு வேலை கொடுத்தது என்பதைக் காட்டி, பழைய முறை இன்னும் உயிரோடிருக்கிறது எனலாம். ஆனால் அந்த வேலை ஒரு மரியாதை மட்டுமே. வினீத்தின் ஆட்டத்தைத் தாங்கி நின்றது கழக ஒப்பந்தம். 1977இல் தொழிற்சாலை செய்த வேலையை 2017இல் ஒப்பந்தம் செய்தது.

இங்கே கனமான ஒரு மறுப்பு எழும். ஐ.டி.ஐ. இந்த மண்ணின் அணி. பெங்களூரு எஃப்சியோ ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 2013இல் தொடங்கிய கழகம். கோலடித்தவர் கேரளத்தவர், பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகா கத்தலோனியர், தலைவர் சுனில் சேத்ரியும் இந்த ஊரில் வளர்ந்தவரல்லர். பின் இரண்டையும் ஒரு நகரத்தின் வெற்றியாக எப்படிச் சேர்த்துச் சொல்வது? மறுப்பின் பாதியை ஏற்கத்தான் வேண்டும். பெங்களூரின் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் தெருக்களிலிருந்து அந்தக் கழகத்தின் முதல் பதினொருவருக்குள் ஏறும் வழி இன்னும் குறுகலானதே; அதைக் கழகம் சரிசெய்தாக வேண்டும். ஆனால் ஒரு நகரத்தின் கால்பந்தை அங்கே பிறந்தவர்களைக் கொண்டு மட்டும் அளந்தால், கொல்கத்தாவின் ஐம்பதுகளையே அழித்துவிட நேரும். அகமது கானைக் கொல்கத்தா தன்னவராகக் கொண்டாடியது நியாயமென்றால், வினீத்தைப் பெங்களூரு கொண்டாடுவதும் நியாயமே. ஆட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்த ஊர், அவர்களை வரவழைக்கும் ஊரானது. அந்தத் திருப்பத்தின் சான்றாகவே 2017ஆம் ஆண்டுக் கோப்பையை நான் படிக்கிறேன்.

இது உண்மையான நாக்அவுட் போட்டியே அல்ல, எட்டே அணிகள், அதிலும் பிரிவு ஆட்டங்கள், சூப்பர் லீக் கழகங்கள் கலந்துகொள்ளவில்லை, எனவே மலிந்த கோப்பை என்றும் சொல்லப்படுகிறது. எண்ணிக்கை சரி, முடிவு சரியல்ல. அன்று ஆசியப் போட்டிக்கான இடம் இந்தக் கோப்பையோடு சேர்ந்து வந்தது. ஆறு கழகங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இறுதியில் நின்றவை மலிவான அணிகளுமல்ல. மேலும், அடுத்த ஆண்டே சந்தேகம் தீர்ந்தது. ஃபெடரேஷன் கோப்பைக்கு மாற்றாக 2018இல் புவனேஸ்வரில் நடந்த முதல் சூப்பர் கோப்பையில் இரு லீக்குகளின் கழகங்களும் இருந்தன, தோற்றால் வெளியேற்றம். ஏப்ரல் 20ஆம் தேதி இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்காலிடம் முதல் கோலை விட்டுக்கொடுத்த பெங்களூரு, 4–1 என வென்றது.

2022 செப்டம்பர் 18ஆம் தேதி கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில், டூராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டியை 2–1 என வீழ்த்தி பெங்களூரு எஃப்சி அந்தக் கோப்பையையும் முதன்முறையாக எடுத்தது. முதல் கோலை அடித்தவர் சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன்.