16,00,984 (பஞ்சாங்க எண்)

16,00,984 – வாக்கியப் பஞ்சாங்கக் கணிப்பில் கலிநாள் தொகையிலிருந்து முதலில் கழிக்கப்படும் எண். கணிப்பவர்கள் வழக்கில் ‘வேதம்’. கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அதிலிருந்து இத்தனை நாள் கழிந்தால் கி.பி. 1282 மே 22 வரும், அதுவும் வெள்ளி. எண் ஏழால் மீதியின்றி வகுபடுவதே காரணம் (2³ × 7 × 11 × 23 × 113). அன்றைய உதயத்தில் நிலவு பூமிக்கு மிகத் தொலைவான உச்சத்தில் நின்றதாகக் கொள்வர்.

உச்சத்திலிருந்து உச்சத்துக்கு நிலவு திரும்ப இருபத்தேழரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும். 9 சுற்றுக்கு 248 நாள் (தேவரம்), 110 சுற்றுக்கு 3,031 (கலானலம்), 449 சுற்றுக்கு 12,372. இவற்றில் கடைசி எண், நான்கு கலானலமும் ஒரு தேவரமும் சேர்ந்தது. பெயர்களே எண்கள்: கடபயாதி முறையில் தே 8, வ 4, ர 2, வலமிருந்து படித்தால் 248.

இம்முறையை விளக்கும் ‘வாக்கியகரணம்’ 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது எனப்படுகிறது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. காஞ்சியைச் சேர்ந்தவர் என்பது ஓர் ஊகம். நாளுக்கு ஒன்றாக நிலவின் இடத்தைச் சொல்லும் 248 சந்திர வாக்கியங்களை வரருசியுடையவை என்பது மரபு. அவர் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 248, 3,031 இரண்டும் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றிலும் உள்ளன. யாரிடமிருந்து யாருக்குப் போயின என்பது முடிவாகவில்லை.

இக்கணிப்பு பற்றிய விரிவான பதிவு 1825க்கு உரியது. புதுச்சேரியில் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததை ஜான் வாரன் ‘காலசங்கலிதம்’ நூலில் எழுதினார். கணித்தவர் பெயராக வாரன் எழுதியது ‘சாமிநாதன் சேஷையா’ ஆகலாம். வானியல் கோட்பாடு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது என்கிறார் வாரன், அத்தகையவரையே தேடினாராம். ஏடில்லை, எழுதுகோலில்லை, ஒவ்வொரு படியிலும் சோழிகள் மட்டும் இடம் மாறின. அந்தக் கிரகணத்துக்கு 1825 மே 31ஐக் கலிநாள் 17,99,312 எனக் கொண்டால், வேதம் கழிய 1,98,328. அதில் 12,372ஐப் பதினாறு முறை கழிக்க 376. கலானலம் இடம் பெறாது. ஒரு தேவரம் போக 128. நிலவின் இடத்துக்கு 128ஆம் வாக்கியத்தைச் சொன்னால் போதும். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

1952இல் ஆட்டோ நாய்கெபாவர் வாரனின் பதிவை ஆராய்ந்தார். வாக்கியகரணத்தை டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பிக்க, 1962இல் சென்னையில் வெளியானது. வாக்கியப் பஞ்சாங்கங்கள் இன்றும் அச்சாகின்றன. மற்றொரு பஞ்சாங்க முறையான திருக்கணிதத்துடன் சனிப்பெயர்ச்சி நாள் மாறுபடுவதுண்டு.