கயிறு யார் கையில?

இன்னிக்கு ஸ்பியர்ஃபிஷிங் பத்திப் பேசப்போறோம். மூச்சை அடக்கிக் கடலுக்குள்ள போய், ஈட்டியால மீன் பிடிக்கிறது. உடுமலைப்பேட்டைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். நம்ம பக்கம் கிணத்துல முங்கி அடிமண்ணை அள்ளிட்டு வர்ற பந்தயம் உங்களுக்குத் தெரியும்ல? அதுவும் மூச்சடக்குற வித்தைதான்.

ஸ்பியர்ஃபிஷிங் கத்துக்கப் போனா எடுத்ததும் ஈட்டியைக் கையில கொடுக்க மாட்டாங்க. முதல் பாடம், தனியா முங்கக் கூடாது. ஒருத்தர் கீழே போனா இன்னொருத்தர் மேல இருந்து கண்காணிக்கணும். இந்தப் பாடம் நம்ம மன்னார் வளைகுடாவுக்குப் புதுசில்ல.

கி.பி. முதல் நூற்றாண்டுல எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல், கொற்கைப் பக்கம் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கொடுக்கப்பட்டதாக எழுதினார். எவ்வளவு பயம் இருந்திருக்கும்னு பாருங்க.

19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளின்படி ஒரு படகில் 10 குளியாளிகள், 5 கற்கள். ஐந்து பேர் இறங்கும்போது ஐந்து பேருக்கு ஓய்வு. கல்லில் கால் வைத்து இறங்குபவர் கயிற்றை அசைத்ததும், படகில் இருப்பவர் மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான்கிட்டதான் கொடுப்பாங்கன்னு கடற்கரையில சொல்லுவாங்க. தன் அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது அவர் கையை விட மாட்டாராம்!

இதுக்குப் பின்னாடி அறிவியல் இருக்கு. மூச்சு முட்டுதுன்னு உடம்பு சொல்றது முக்கியமா கார்பன் டை ஆக்சைடு ஏறுறதாலதான். முங்கறதுக்கு முன்னாடி வேகவேகமா மூச்சு விட்டா அது குறைஞ்சிடும், எச்சரிக்கை தாமதமாகும். ஆக்சிஜன் தீர்ந்து, வலியே இல்லாம மயக்கம் வரும். பெரும்பாலும் மேலே வரும் கடைசி சில அடிகளில். அப்போ நீங்களே உங்களைக் காப்பாத்திக்க முடியாது.

தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளித்தல் 1961-ஓடு நின்றுபோனது. முத்து வாங்கிய மன்னர்கள் வரலாற்றில் இருக்காங்க. கயிறு பிடிச்சவங்க பேர் எதுவும் இல்ல. ஆனா குளிச்சவர் வீடு திரும்பினது அவங்களாலதான்.

அடுத்த தடவை கிணத்துல "யார் ரொம்ப நேரம் முங்குறா"ன்னு பந்தயம் கட்டினா, எல்லாரும் ஒண்ணா முங்காதீங்க. நீச்சல் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் மேலேயே இருக்கட்டும். போனைப் பாக்காம, தண்ணியைப் பாத்துட்டு.