கறுத்த காலா, வெளிறிய காலா?

அக்டோபர் வாக்கில் திருவனந்தபுரம் பக்கம் பார்த்தால் பிரித்தறிய முடியாத இரண்டு ஈப்பிடிப்பான்கள் வந்து சேரும். பழுப்பு ஈப்பிடிப்பான் சைபீரியா, ஜப்பான், இமயமலைப் பகுதிகளில் கூடு கட்டுவது. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் வடகிழக்கு இந்தியா, மியான்மர், தென்சீனாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்மேற்கு இந்தியாவிலும் இலங்கையிலும் கழிப்பது. இதன் அறிவியல் பெயரான மஸ்கிகாப்பா முத்துயி என்பதில் இருப்பவர் ஒரு முத்து. எட்கர் லேயார்டு யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் கிடைத்த பறவையை 1854இல் விவரித்தபோது, அதைக் கொண்டுவந்து கொடுத்த தம் பணியாளின் பெயரையே வைத்தார்.

இரண்டுக்கும் உடல் ஏறத்தாழ 13 செ.மீ. பெரிய கண், சுற்றிலும் வெளிர்வளையம், வெள்ளைத் தொண்டை. ஆண், பெண் வேறுபாடும் கிடையாது.

மார்பைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண் வேலை. பழுப்பு ஈப்பிடிப்பானின் மார்பிலும் சாம்பல் மங்கல் படிந்திருக்கும். மர நிழலில் அதுவே பழுப்பாகத் தெரியும். பைனாகுலரைக் காலுக்கு இறக்குங்கள். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கறுத்த கால். மற்றதற்கு வெளிறிய சதை நிறம். வெயில் பட்டால் மஞ்சளாகவே தோன்றும். பறவை பம்மி உட்கார்ந்து காலை இறகுக்குள் மறைத்துக்கொண்டால் அடுத்தது கீழலகு. அங்கே மஞ்சள் தெரிந்தால் மட்டும் போதாது. பழுப்பு ஈப்பிடிப்பானுக்கும் கீழலகின் அடிப்பகுதி மஞ்சள்தான், நுனி மட்டும் கறுப்பு. பழுப்பு மார்புக்காரருக்கு நுனிவரை மஞ்சள். அது தலையைத் தூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பழக்கமும் ஓரளவு கைகொடுக்கும். முன்னது தோட்ட ஓரத்து மொட்டைக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பூச்சியைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். பின்னது பேப்பாறை போன்ற ஈரக்காடுகளின் புதர்களில் தாழ்வாக இருக்கும். விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு. ஆனால் வலசை வரும், போகும் வாரங்களில் இரண்டும் எங்கும் தட்டுப்படலாம். இடத்தை மட்டும் வைத்துக் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிடக் கூடாது.

கீழலகு வெளிறியிருக்கிறது, காலோ கறுத்திருக்கிறது என்றால் வாலைப் பாருங்கள். அது நன்றாகச் சிவந்திருந்தால், மேற்கு இமயத்திலிருந்து இதே காடுகளுக்கு வரும் செவ்வால் ஈப்பிடிப்பானாக இருக்கலாம்.